பழைய டாடாமொபைலுக்கு வீட்டிலேயே பாடி வேலை பார்த்த அனுபவம்

டெல்டாவில் ஓடும் பிக்கப் வண்டி துருப்பிடிக்க மழையைவிட அது ஏற்றுகிற சரக்குதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். எங்கள் வண்டி டாடாமொபைல் 206. டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) 1988-ல் கொண்டுவந்த மாடல். பிறகு வந்த சியரா, எஸ்டேட் கார்களும் இதே குடும்பம்தான். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாளிலிருந்து மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் அது சுமக்காத சுமை இல்லை. கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை, சொசைட்டியிலிருந்து யூரியா, பொட்டாஷ், வேதாரண்யத்திலிருந்து உப்பு, தேங்காய், வைக்கோல், கோயில் திருவிழாவுக்கு மைக்செட் என்று எல்லாம் ஏறியிருக்கிறது.

இதில் தகட்டைத் தின்றவை பொட்டாஷும் உப்பும். வயலுக்குப் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைடு. இரண்டிலும் இருக்கிற குளோரைடு இரும்புக்கு ஆகாது. போதாததற்கு இவை காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி வைத்தாலும், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொடி காயவே காயாது. மூட்டையிலிருந்து சிந்திய ஒரு கைப்பிடி போதும், அந்த மூலை ஓட்டையாகிவிடும்.

எஞ்சின் நன்றாக இருந்தது. பாடிதான் போய்விட்டது. ஒரு பட்டறையில் காட்டினோம். ஓட்டைமேல் தகடு ஒட்டி, மேடு பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னார்கள். இந்த வண்டிக்கு ஏற்கெனவே அப்படி ஒரு வேலை நடந்திருந்தது. மழைக்காலம் வந்ததும் பட்டி உப்பி, விரலால் தொட்டால் பொரிந்து கொட்டியது. மறுபடியும் அதற்கே பணம் கொடுக்க மனம் வரவில்லை. கூத்தாநல்லூரில் டிங்கரிங் பார்த்து இப்போது ஓய்வாக இருக்கும் ஒரு பாய் அப்பாவுக்குப் பழக்கம். அவரை அழைத்து வந்து காட்டினோம். வண்டியைச் சுற்றி வந்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “தம்பி, ஓட்டையப் பாக்காதீங்க. தண்ணி எந்த வழியா உள்ள வந்துச்சு, ஏன் வெளிய போகலைன்னு பாருங்க. அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.”

அதற்கப்புறம் நான் செய்த எல்லா வேலைக்கும் அந்த வார்த்தைதான் அடிப்படை. வயலுக்கு வடிகால் எவ்வளவு முக்கியமோ, வண்டி பாடிக்கும் அவ்வளவு முக்கியம். கம்பெனியிலேயே ஒவ்வொரு கதவின் அடியிலும், கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பள்ளத்திலும், ஏறும் படியின் உள்பெட்டியிலும் தண்ணீர் வடியத் துளை விட்டிருப்பார்கள். அவை அடைபட்டால்தான் துரு உள்ளிருந்து கிளம்புகிறது. வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே உள்ளங்கை அளவுக்குத் தகடு போயிருக்கும்.

கதவைக் கழற்றி உள் அட்டையை எடுத்தபோது அதைக் கண்ணாலேயே பார்த்தேன். அடியில் இருந்த வடிதுளைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. பல வருட நெல் தூசியும் சுணையும் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக உள்ளே விழுந்து, மழைத் தண்ணீரில் ஊறி, கதவின் அடிமடிப்பில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புச் சேறாகப் படிந்திருந்தது. திருப்புளியால் நோண்டினால் கொழகொழவென்று வந்தது. அதில் முளைத்துக் கருகிய நெல்கூட இருந்தது. வெளித் தகட்டுக்கும் உள் தகட்டுக்கும் நடுவே அந்தச் சேறு வருடம் முழுக்க ஈரமாக இருந்திருக்கிறது. அதை வழித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை அடித்ததும், தண்ணீர் துளை வழியாக வராமல் தகட்டின் வழியாகவே வெளியே வந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வேப்பிலைச் சருகு நிறைந்திருந்தது. கால் வைக்கும் தரைத் தகடு ஏன் போனது என்பதற்கு அங்கே விடை கிடைத்தது.

சோதனை செய்யப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சின்னச் சுத்தி, ஒரு காந்தம், ஒரு குத்தூசி, சாக்பீஸ். சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு ‘டங்’ என்று பேசும். துருவேறியதோ பட்டி வைத்ததோ ‘டப்’ என்று அமுங்கும். காந்தம் ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம். குத்தூசி உள்ளே இறங்கினால் அங்கே வெட்டித்தான் ஆக வேண்டும். எல்லா இடத்தையும் சாக்பீஸால் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து வைத்தேன். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தினுடையது என்று எழுதி டப்பாவில் போட்டேன். பழைய வண்டிக்குச் சின்னச் சின்ன கிளிப் கிடைப்பதுதான் பெரிய பாடு. ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

எப்போது தொடங்குவது என்பது நம் ஊரில் தனி விஷயம். சம்பா அறுவடை முடிந்து, மூட்டை எல்லாம் கொள்முதல் நிலையத்துக்குப் போகிற வரைக்கும் வண்டிக்கு ஓய்வு கிடையாது. பங்குனி பிறந்ததும் கையில் எடுத்தோம். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் இந்த வேலைக்கு உகந்த காலம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை பிடித்துக்கொள்ளும். ஆடி வந்தால் காற்றில் புழுதி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெயிண்ட் வேலையை நினைக்கவே கூடாது. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயிண்ட் அடிக்காதே என்பது தொழிலில் இருக்கிற பொது விதி. தகட்டின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மார்கழி, தை விடியற்காலையில் பானெட்டைத் தடவிப் பார்த்தாலே இந்த விதியின் காரணம் புரியும்.

வெட்டுவதற்கு முன்னால் கழுவ வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், என் கணக்கில் இதுதான் முதல் வேலை. உப்பு ஒட்டிய தகட்டை அப்படியே கிரைண்டரால் தேய்த்தால், துருக் குழிக்குள் இருக்கிற குளோரைடு அங்கேயே தங்கிவிடும். மேலே எவ்வளவு நல்ல பிரைமர் (பெயிண்ட்டுக்கு அடிப்பூச்சு) அடித்தாலும் அடியில் வேலையைக் காட்டும். பிரஷ் போட்டு நிறையத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடலோரம் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் கழுவியதற்குப் பலன் இல்லை. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர், அதாவது ஆற்றுக் குடிநீரோ பிடித்து வைத்த மழைநீரோ பயன்படுத்துங்கள். கழுவியவுடன் கம்ப்ரசர் காற்றால் ஊதி, வெயிலில் காயவிட வேண்டும்.

சரி, வெல்டிங்கிற்கு வருவோம். டீசல் டேங்கை முதலிலேயே கழற்றி தூரமாக வைத்துவிட்டேன். காலி டேங்க்தானே என்று அதன்மேல் வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கிற ஆவி வெடிக்கும், டீசல் டேங்காக இருந்தாலும் சரி. பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். வைக்கோல் போர் பக்கத்தில் கிரைண்டர் பிடிக்காதீர்கள். நம் வீடுகளில் கொட்டகையும் போரும் பக்கத்திலேயே இருக்கும். தீப்பொறி கண்ணாடியில் பட்டால் உருகி உள்ளே பதிந்துகொள்ளும், பிறகு எந்தப் பாலிஷுக்கும் போகாது. அதனால் கண்ணாடிமேல் நனைத்த சாக்கைப் போர்த்தினோம். வாளியில் தண்ணீரும் மணலும் எப்போதும் பக்கத்திலேயே இருந்தன.

துருவேறிய தகட்டின்மேல் புதுத் தகட்டை ஒட்டுவது வேலையே இல்லை. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் மாட்டிக்கொண்டு முன்பைவிட வேகமாகத் தின்னும். பளபளப்பான நல்ல தகடு தெரிகிற வரைக்கும் வெட்டிவிட்டு, அந்த ஓட்டையின் அளவுக்குச் சரியாகத் தகட்டை நறுக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்து வைக்க வேண்டும். முதலில் அட்டையில் அச்சு எடுத்துக்கொண்டால் தகடு வீணாகாது. கதவுக்கும் மட்கார்டுக்கும் 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. சிஆர் ஷீட் (பூச்சு இல்லாத இரும்புத் தகடு) எடுத்தோம். தரைக்கும் தொட்டிக்கும் 18 கேஜ், சுமார் 1.2 மி.மீ. கூரைக்குப் போடுகிற ஜிஐ ஷீட் எல்லா இரும்புக் கடையிலும் கிடைக்கிறது, துருவும் பிடிக்காது என்று அதை வாங்கிவிடாதீர்கள். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகையாக வரும். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் அடிக்கும்.

மெல்லிய தகட்டுக்குச் சாதாரண ஆர்க் வெல்டிங் ராடு ஒத்துவராது, ஓட்டை போட்டுவிடும். ராடுக்குப் பதிலாக 0.8 மி.மீ. கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மிக் வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். கோடாக இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஒரு பொட்டு இந்தப் பக்கம், அடுத்த பொட்டு எதிர்ப் பக்கம், மூன்றாவது நடுவில் என்று தாவித் தாவி வைக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டும் கையால் தொடுகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் அதன் பக்கத்தில் இன்னொன்று. அவசரப்பட்டால் சூட்டில் தகடு நெளிந்துபோகும், அந்த நெளிவை எடுக்க வெல்டிங்கைவிட அதிக நேரம் பிடிக்கும். பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு “ஆறட்டும் தம்பி, ஆறட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுற்று வட்டாரத்தில் பம்ப்செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், வெல்டிங் ஒட்டாமல் மேலே உருண்டு நிற்கும். கரண்ட் நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து வேலை வைத்துக்கொண்டோம்.

தகடு ஒன்றன்மேல் ஒன்று படிந்தே ஆக வேண்டிய இடங்களில், இரண்டு முகத்திலும் துத்தநாகம் கலந்த ஜிங்க் பிரைமர் அடித்த பிறகே வெல்டிங் வைத்தோம். முகமூடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில்தான். பிறகு எல்லா மூட்டிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் பி.யு. சீலன்ட் பசையை இழுத்தோம். தொட்டியின் தரையில் பழைய வடிதுளைகளோடு, தண்ணீர் தேங்குகிற முன் மூலைகள் இரண்டிலும் புதிதாகத் துளை போட்டு, விளிம்பைக் கீழ்நோக்கி மடக்கிவிட்டார் பாய். இனி தொட்டியைக் கழுவினால் ஒரு சொட்டு நிற்காது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகத் திருப்தி தந்தது அந்தத் துளைகள்தான்.

கூரை தனிக் கதை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் கொல்லைத் தென்னைகளில் ஒன்று கேபின்மேல் சாய்ந்தது. கூரை குழிந்து, நடுவில் கை வைத்து அமுக்கினால் ‘டொக்’ என்று உள்ளே போய் வெளியே வரும். அடிபட்ட தகடு நீண்டு போய்விடுகிறது. நீண்டதற்கு இருக்க இடம் இல்லாமல்தான் அப்படித் துள்ளுகிறது. வெறுமனே தட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நீளும். உள் துணியைக் கழற்றிவிட்டு, பாய் முதலில் பள்ளத்தின் விளிம்பிலிருந்து தொடங்கினார். உள்ளே டாலி என்கிற இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்து, வெளியே மேடிட்டிருந்த ஓரத்தை மெல்லத் தட்டத் தட்ட, நடுப்பள்ளம் தானாகவே மேலே எழுந்தது. நடுவை அவர் அடிக்கவே இல்லை. மிச்சமிருந்த துள்ளலை எடுக்க, காசு அளவுக்கு ஒரு இடத்தை மட்டும் கேஸால் சிவக்கச் சுட்டு, இரண்டு தட்டுத் தட்டி, உடனே ஈரத் துணியை வைத்து அமுக்கினார். தகடு சுருங்குவது கண்ணுக்கே தெரிந்தது. இதைச் செய்துகாட்ட இன்று நம் பக்கத்தில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், வேலை இருக்கிறதோ இல்லையோ, போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

தாழ்ப்பாள், கீல், டெயில்போர்டு கொக்கி மாதிரியான சின்ன இரும்புச் சாமான்களை மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பில் (சிட்ரிக் அமிலம்) ஊறவைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போதும். ராத்திரி போட்டுக் காலையில் எடுத்து பிரஷ் போட்டால் துரு கரைந்திருக்கும். சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசிக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்; விட்டால் சாயங்காலமே மஞ்சள் பூத்துவிடும். ஸ்பிரிங் மாதிரி கடினமான எஃகை மட்டும் அமிலத்தில் போடக் கூடாது, உடையும் தன்மை வந்துவிடும்.

பிரைமர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் ஊர் வழக்கம் ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பட்டி. ரெட் ஆக்சைடு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் சரி. உப்புச் சுமக்கிற வண்டிக்குப் போதாது. வெற்றுத் தகட்டின்மேல் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர்தான் ஈரத்தை உள்ளே விடாமல் நிறுத்தும். ஆழக் குழிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி போடுவதாக இருந்தால், அதை நன்றாக அலசி எடுத்த பிறகே எபாக்ஸி. அமிலம் மிச்சமிருந்தால் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டி அடுத்த கோட் அடித்தால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டு அடிக்க வேண்டும்.

பட்டி எபாக்ஸிக்கு மேலே, அதுவும் மெல்லிசாக. பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். அதைத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அந்தத் தண்ணீர் அதற்குள்ளேயே உட்கார்ந்து பிற்பாடு கொப்புளமாக வருகிறது. பட்டியை உலர்வாகவே தேய்த்தோம்: 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, பிறகு 320. பட்டிக்கு மேலே சர்ஃபேசர் என்கிற நிரப்புப் பூச்சு அடித்த பிறகுதான் 600, 800 என்று தண்ணீர்த் தேய்ப்பு. கை விரலால் தேய்க்காமல் நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால்தான் மட்டம் வரும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால், பார்வைக்குத் தெரியாத மேடு பள்ளம் தெரியும்.

பெயிண்ட் அடிக்க மட்டும் ஒரு பெயிண்டரை வரவழைத்தோம். இரண்டு பாகம் கலக்கும் டூகே பி.யு. பெயிண்ட்டின் ஹார்டனரில், அதாவது அதை இறுகவைக்கும் பாகத்தில், ஐசோசயனேட் என்கிற நச்சு இருக்கிறது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அதை அடிப்பது நுரையீரலோடு விளையாடுவது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வைத்திருப்பவராகப் பார்த்துத்தான் கூப்பிட்டோம். அந்த வசதி இல்லாவிட்டால் எனாமல் போதும். பளபளப்பு குறைந்தாலும் உயிர் பெரிது. களத்து ஓரக் கொட்டகையைத் தார்ப்பாய் கட்டி மறைத்து, தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, காலை வெயில் ஏறிப் பனியெல்லாம் போன பிறகு தொடங்கி உச்சிக்கு முன் முடித்தார். உச்சி வெயிலில் தகடு கொதிக்கும், பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து தோல் தோலாக நிற்கும். சாயங்காலம் லைட் போட்டு அடித்தால் வயல் பூச்சியெல்லாம் பானெட்டில் ஒட்டியிருக்கும். கம்ப்ரசர் டேங்கில் சேரும் தண்ணீரை அடிக்கடி திறந்துவிட வேண்டும், குழாயில் ஈரம் பிடிக்கும் ஃபில்டரும் வேண்டும். நிறம் பழைய வெள்ளையே. ஆர்சியில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது. மாற்ற ஆசைப்பட்டால் ஆர்டிஓ அலுவலகத்தில் அதைத் திருத்தி வாங்க வேண்டும்.

பெயிண்டோடு வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கதவுக்குள்ளும், ஏறும் படிப் பெட்டிக்குள்ளும், தொட்டியின் அடிச் சட்டங்களுக்குள்ளும் நீளக் குழாய் நாசில் வைத்து கேவிட்டி மெழுகு அடிக்க வேண்டும். வெளியே காட்டுகிற பெயிண்ட்டைவிட உள்ளே அடிக்கும் இந்த மெழுகுதான் டெல்டாவில் வண்டியைக் காப்பாற்றும். அடித்து முடித்ததும் வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். மெழுகே அடைப்பாகிவிடக் கூடாது. கதவு, கண்ணாடி ஓரத்தில் இருக்கும் பழைய பீடிங் ரப்பர் விறைத்திருந்தால் புதிது போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசி முடிவதற்குள், துளைகளைக் குத்திப் பார்த்து, நல்ல தண்ணீர் விட்டு வடிகிறதா என்று சோதித்து, மெழுகு குறைந்த இடத்தில் திரும்ப அடிக்கிறோம். பொட்டாஷோ உப்போ ஏற்றினால் அடியில் தார்ப்பாய் விரிக்காமல் ஒரு மூட்டைகூட ஏறுவதில்லை. இறக்கிய அன்றே தொட்டியைக் கழுவிவிடும் வேலையை அப்பா இன்னும் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.